பாடசாலை இலவசம், படிப்பு எவ்வளவு?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "இலங்கையில் முதலாம் தரத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் கிடையாது. பாடநூலும் சீருடையும் அரசு தருகிறது. அப்படியிருக்க, ஏழை வீட்டுப் பிள்ளைகள் பின்தங்குவதற்கு வருமானத்தைக் காரணம் காட்டுவது சரியா? முயற்சிக் குறைவுதானே உண்மைக் காரணம்?"

வருமானம்தான் காரணம். ஆனால் பலர் நினைக்கிற வழியில் அது குறுக்கே நிற்பதில்லை. கட்டணம் கட்ட முடியாமல் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளையை இன்று இலங்கையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1945இல் கட்டணம் போனது; போட்டி போகவில்லை. நல்ல பாடசாலை, நல்ல கணித ஆசிரியர், பல்கலைக்கழக இடம் எல்லாமே எண்ணிக்கையில் குறைவு. குறைவாக இருக்கும் ஒன்றை விலை போட்டு விற்கக் கூடாது என்று சட்டம் சொன்னால், பணம் வேறு வாசல் தேடிக்கொள்ளும். முகவரி ஒரு வாசல், டியூஷன் ஒரு வாசல், காத்திருக்கும் வசதி இன்னொன்று. இவற்றில் சில இடங்களில் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். நான் பணியாற்றியது தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் என்பதால், உதாரணங்களும் அங்கேதான் அதிகம் இருக்கும்.

முதலில், நடந்த நல்லதைச் சொல்லிவிட வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர். அவருடைய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 அக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பணக்காரரின் பரம்பரைச் சொத்தாகக் கிடந்த கல்வியை ஏழையின் உரித்தாக்குவோம் என்று அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையில் அவர் பேசியது இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. வெறும் பேச்சாக அது நிற்கவில்லை. கிராமப்புறங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மத்திய கல்லூரிகள் எழுந்தன; ஆய்வுகூடமும் விடுதியும் உள்ள பாடசாலையை விவசாயி வீட்டுப் பிள்ளை முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். எழுத்தறிவு வீதத்தில் இலங்கை பெரும்பாலான தெற்காசிய அயலவர்களை விட்டு வெகுதூரம் முன்னே போனதற்கும், பெண்பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிட அதிகமாக இருப்பதற்கும் வேர் அங்கே இருக்கிறது.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே தொடர்ந்தது: ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, அவர்களுக்குப் பாடசாலை கொடுக்காததால் எந்த அரசியல்வாதி வாக்கு இழக்கப்போகிறார்? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகுதான் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. மற்றவர்களைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டு பின்னால், அதாவது ஒரு முழுத் தலைமுறை பின்னால். இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால், அது அந்தத் தாயின் அக்கறைக் குறைவு ஆகாது. அவளுடைய தாய்க்குப் பாடசாலையே இருக்கவில்லை.

இனி வாசல்களுக்கு வருவோம். முகவரியிலிருந்து தொடங்கலாம்.

இலங்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. எல்லாம் இலவசம், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. 1ஏபி வகைப் பாடசாலையில்தான் உயர்தரத்தில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய கடைசி இரண்டு ஆண்டுகளில்) விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவுகளும் இருக்கும். 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும். இரண்டாம் வகை பதினோராம் தரத்தோடு முடிந்துவிடும். மூன்றாம் வகை ஆரம்பப் பாடசாலை. பத்துப் பாடசாலைகளில் ஒன்றுதான் 1ஏபி. முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கைப்படி, பெயர்பெற்ற பாடசாலைகளில் பாதி இடங்கள் அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு. கால் பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொழும்பிலோ கண்டியிலோ அப்படியொரு பாடசாலையின் மதிலை ஒட்டி யார் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ முடியும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டணத்தைப் பாடசாலை வாங்குவதில்லை. காணி விற்றவர் வாங்கிக்கொள்கிறார். பழைய மாணவர் பங்கு இன்னும் வெளிப்படையானது: அப்பா படித்த இடத்தில் மகன் படிக்கலாம். மின்சாரப் பட்டியலையும் வாக்காளர் இடாப்பையும் காட்டிப் போலி முகவரி எடுப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற கதை. அதற்கும் செலவு உண்டு.

அதையும் தாண்டிப் போகக்கூடியவர்களுக்குச் சர்வதேசப் பாடசாலை இருக்கிறது. இது ஒரு வேடிக்கையான வாசல். 1960, 1961 சட்டங்கள் அரச உதவி பெறும் பாடசாலைகளை அரசிடம் கொண்டுவந்ததோடு, ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை திறப்பதையும் அடைத்துவிட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் சர்வதேசப் பாடசாலைகள் வந்தன, ஆனால் கம்பனிகளாகப் பதிவுசெய்துகொண்டு. ஆகவே அவை கல்வி அமைச்சின் மேற்பார்வைக்கு வெளியே பல ஆண்டுகள் தழைத்தன. புதிய தனியார் பாடசாலைக்கு இடமில்லை என்று சொல்லும் நாட்டில், கம்பனி நடத்தும் பாடசாலை நகரத்துக்கு நகரம் நிற்கிறது. இதை நீட்டவில்லை; அங்கே போவோர் தொகை சிறிது. பெரும்பாலானோரைத் தொடும் விஷயம் டியூஷன்.

குடும்ப வருமான செலவின ஆய்வுகளின் தரவை வைத்துச் செய்த கணிப்பின்படி, 1995/96இல் டியூஷனுக்குச் செலவழித்த குடும்பங்கள் ஏறத்தாழ 23 சதவீதம். 2006/07இல் அது 64 சதவீதம். பத்துப் பதினொரு ஆண்டுகளில் ஒரு சிறுபான்மையின் பழக்கம் பெரும்பான்மையின் கட்டாயமாகிவிட்டது. முன்பு டியூஷன் பின்தங்கியவனுக்கு. வகுப்பில் முதல் வருகிறவனும் போகத் தொடங்கியபோது அதன் அர்த்தமே மாறிப்போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதே போதுமான காரணம்.

இந்தச் சந்தை நடக்கும் விதம் தெரிந்தால்தான் வருமானம் எங்கே வெட்டுகிறது என்பது புரியும். உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்குப் பெயர்பெற்ற ஆசிரியரின் மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருப்பார்கள். ஒலிபெருக்கி, பெரிய திரை எல்லாம் உண்டு. ஒரே பாடம் 'தியரி' வகுப்பு, 'ரிவிஷன்' வகுப்பு, 'பேப்பர்' வகுப்பு என்று மூன்றாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். மண்டபத்தைவிட விலை கூடியது பத்துப் பதினைந்து பேருக்கான குழு வகுப்பு. அதற்கும் மேலே, ஆசிரியர் வீடு தேடி வருவது. ஆக, "எல்லாரும்தானே டியூஷன் போகிறார்கள்" என்ற சமாதானம் செல்லாது. மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்து திரையைப் பார்க்கிறவனும், சொந்த மேசையில் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனும் ஒரே பரீட்சையை எழுதுகிறார்கள்.

டியூஷனுக்குப் போகாதவனைப் பாதிக்கும் விதம்தான் இதில் மோசமானது. பாதி வகுப்பு வெளியில் படித்துவிட்டு வரும்போது பாடசாலைப் பாடம் அந்தப் பாதியின் வேகத்தில் ஓடுகிறது. "இதை வகுப்பில் செய்திருப்பீர்கள்தானே" என்று ஓர் ஆசிரியர் கரும்பலகையில் பாதிக் கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதைப் பல பாடசாலைகளில் பார்க்கலாம். 'வகுப்பு' என்று அவர் சொல்வது தாம் அப்போது நின்றுகொண்டிருக்கும் வகுப்பறையை அல்ல. உயர்தர இரண்டாம் வருடத்தில் மாணவர் பாடசாலைக்கு வருவதே அருகிவிடுகிறது. சம்பளம் போதாத ஆசிரியர் மாலையில் வகுப்பு எடுக்கிறார், மாலை வகுப்பு நிறையக் காலை வகுப்பு மெலிகிறது, காலை மெலிந்ததால் இன்னும் பலர் மாலைக்குப் போகிறார்கள். இலவசக் கல்வியின் உள்ளீடு இப்படித்தான் வெளியே கசிகிறது. எல்லா ஆசிரியர்களையும் இதில் சேர்த்துப் பேசுவது அநியாயம். சம்பளமின்றி மாலையில் பிள்ளைகளை இருத்திச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைப் பின்தங்கிய பாடசாலைகளில்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையையும் இங்கேயே சொல்லிவிடலாம். மத்திய கல்லூரிகளுக்கு ஏழைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் யோசனையிலிருந்து வளர்ந்தது அது. இன்று ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் அதிகமான பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். மூன்றாம் தரத்திலேயே அதற்கான வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேல் வந்தவர்களில் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு தந்த மாதப் பணம் நீண்ட காலம் 750 ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 1,500 ஆனது. அந்தப் பரீட்சையில் வெல்லப் பெற்றோர் இரண்டு ஆண்டு டியூஷனுக்குக் கட்டுவது அதைவிடப் பல மடங்கு. ஏழைக்கு ஏணியாக வைக்கப்பட்ட பரீட்சைக்கு ஏறவே முன்பணம் தேவைப்படுகிறது.

இப்போது ஒரு குடும்பத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக உயர்ந்தது. மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு சதவீதம் போக 24,840. அதிலிருந்து தொழிற்சங்கச் சந்தா, தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை, சில தோட்டங்களில் அரிசி மா கழிவு. உயர்தர மூன்று பாடங்களுக்குப் பாடத்துக்கு 2,000 என்று மிகக் குறைவாகவே வைத்தாலும் 6,000 ரூபாய். கையில் வருவதில் கால்வாசி, அதுவும் ஒரு பிள்ளைக்கு. பஸ் கட்டணத்தையும், காலையிலிருந்து மாலை வரை டவுனில் நிற்கிற பிள்ளையின் சாப்பாட்டையும் நான் சேர்க்கவில்லை. கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் தாங்கலாமே என்பீர்கள். தாங்குகிறார்கள்; பல வீடுகளில் ஒருவரின் சம்பளம் முழுவதும் மூத்த பிள்ளைக்கே போகிறது. இளையவர்களின் கதை அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

அந்த இருபது நாளும் நிச்சயமில்லை என்பதுதான் முக்கியம். ஒரு நாள் கூலி முழுதாகக் கிடைக்க நிர்ணயித்த கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தாக வேண்டும். பல தோட்டங்களில் அது பதினெட்டு கிலோ அல்லது அதற்கு மேல். குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதி நாள் சம்பளம். வறட்சியான பெப்ரவரியில் கொழுந்து இருக்காது. அடைமழையில் பறிக்க முடியாது. பொருளியல் கட்டுரைகள் வருமானத்தின் அளவைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. என் அனுபவத்தில், படிப்பைக் கெடுப்பது அளவைவிட அதன் ஏற்ற இறக்கம். மாதம் 40,000 தவறாமல் வருகிற ஒரு சிற்றூழியர் வீட்டில் பிள்ளையின் வகுப்பு நிற்பதில்லை. ஒரு மாதம் 45,000, அடுத்த மாதம் 25,000 என்று வருகிற வீட்டில் வகுப்பு மூன்று மாதம் போகும், இரண்டு மாதம் நிற்கும், திரும்பப் போகும்போது பாடம் வேறெங்கோ இருக்கும். கணிதம் இப்படி இடைவெளி விட்டுப் படிக்கக்கூடிய பாடம் அல்ல. பதினோராம் தர முடிவில் எழுதும் பொதுப் பரீட்சையான க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டால் உயர்தரத்துக்குள் நுழைவதே சிக்கலாகிவிடுகிறது.

வறுமையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில் நாடளாவிய வறுமை 14.3 சதவீதம், நகரத்தில் 6 சதவீதம், தோட்டத்துறையில் 33.8 சதவீதம். இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு. 2022இல் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டிப்பிடித்தது. காகிதம் இறக்குமதி செய்யப் பணம் இல்லாததால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடின. உலக வங்கியின் கணிப்பில் 2021க்கும் 2022க்கும் இடையில் வறுமை ஏறத்தாழ இரட்டிப்பானது. நெருக்கடியின் தாக்கத்தை அறிய அதே திணைக்களம் 2023இல் செய்த ஆய்வில், படிக்கும் வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோரின் கல்வி பாதிக்கப்பட்டிருந்தது. கொப்பி வாங்குவதைக் குறைத்தார்கள், பழைய சப்பாத்தையே போட்டார்கள், டியூஷனை நிறுத்தினார்கள். 'கல்வி பாதிப்பு' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. ஆனால் சப்பாத்து கிழிந்த பதினான்கு வயதுப் பையன் பாடசாலைக்கு வராமல் இருப்பதற்குச் சொல்லும் காரணம் வயிற்றுவலியாகத்தான் இருக்கும். வரவு இடாப்பில் அது வேறு விதமாகப் பதியும்.

அதற்கு முந்திய கொரோனா மூடல் இன்னும் ஆழமாக வெட்டியது. பாடம் இணையத்துக்குப் போனபோது, வீட்டிலிருந்த ஒரே கைத்தொலைபேசி அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையேறிய படங்கள் பதுளைப் பக்கத்திலிருந்து பத்திரிகைகளில் வந்தன. டேட்டா அட்டை வாங்குவதும் ஒரு கட்டணமே. முதன்முறையாக, பாடசாலைக்குள் நுழைவதற்கே வீடு பணம் கட்ட வேண்டியிருந்தது.

அடுத்தது காத்திருக்கும் வசதி. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சாதாரண தரம் எழுதிப் பெறுபேறு வரச் சில மாதங்கள், உயர்தரம் இரண்டு ஆண்டு, பெறுபேறு, அனுமதிக்காகப் பாடப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மறுபடியும் காத்திருப்பு. முதல் தடவை போதாவிட்டால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வரை எழுதலாம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இரண்டாம் தடவையில் நுழைவோர் ஏராளம். பல்கலைக்கழக இடத்துக்குத் தகுதி பெறுவோர் அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அனுமதி ஏறத்தாழ நாற்பத்தைந்தாயிரம் பேருக்கு. எனவே இது திறமைப் போட்டியாக இருக்கிற அளவுக்குப் பொறுமைப் போட்டியாகவும் இருக்கிறது. பதினாறு வயதில் கொழும்பில் ஒரு கடையில் நின்றால் மாதம் ஏதோ ஒரு தொகை வீட்டுக்கு வரும் என்ற நிலையில், இருபத்திரண்டு வயதுவரை சம்பாதிக்காத மகனை வைத்துப் பார்த்துக்கொள்ள எந்த வீட்டால் முடியும்? பல்கலைக்கழகம் போனவர்களுக்கு மஹாபொல உதவித்தொகை உண்டு, 2025இல் அது 7,500 ஆக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் அது வாசலைத் தாண்டியவர்களுக்கு. வாசலுக்கு வெளியே ஆறு ஆண்டும் நிற்கப் பணம் தரும் திட்டம் எதையும் நான் அறியேன்.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பு: "மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே?" இருக்கிறது. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் போகின்றன. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. இந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் மலையகத்திலிருந்து மருத்துவ பீடம் போயிருப்போரை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். இதை ஒழிக்கச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்தைப் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை. நுவரெலியா மாவட்டத்தின் இடங்களுக்கு ஹட்டன் கடைக்காரரின் மகளும், ஆசிரியரின் மகனும், டவுனிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு தோட்டப் பிரிவில் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இருக்கும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கடைசிப் பிள்ளை வரிசைக்கே வருவதில்லை, ஏனென்றால் அதன் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு கிடையாது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போல விஞ்ஞானப் பிரிவுக்குப் பெயர்போன தமிழ்மொழிப் பாடசாலைகள் மலையகத்தில் சிலவே. அவற்றுக்கு அருகே தங்கிப் படிக்க அறை வாடகை வேண்டும், அல்லது அங்கே ஓர் உறவினர் வீடு வேண்டும். ஆகவே திறமையான பிள்ளையும் கலைப்பிரிவை எடுக்கிறது. பிறகு வேலை தேடும்போது, "ஏன் கலையை எடுத்தாய்?" என்று நாடே கேட்கிறது.

"லயத்துப் பிள்ளை டாக்டரானான்" என்று ஆண்டுக்கு ஒன்றிரண்டு செய்திகள் வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு என் வணக்கம். ஆனால் அந்தச் செய்தியைக் காட்டி மற்றவர்களின் முயற்சியை அளக்காதீர்கள். அது செய்தியாவதே அது அரிது என்பதால்தான். கொழும்பில் ஒரு வைத்தியரின் மகள் வைத்தியரானால் எந்தப் பத்திரிகையும் முதற்பக்கத்தில் போடுவதில்லை.

முயற்சியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முயற்சியும் ஓரளவு வருமானத்தின் பிள்ளைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் ஆறு பேர் படுத்திருக்க, எந்த மூலையில் விளக்கை வைத்துப் படிப்பது? தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்தால் தங்கைக்குச் சமைப்பது யார்? முன்னால் போன அண்ணன் சாதாரண தரம் சித்தியடைந்தும் அதே கடையில்தான் மூட்டை தூக்குகிறான் என்று கண்ணால் பார்க்கிற பையனுக்கு, படித்தால் முன்னேறலாம் என்ற பேச்சு எவ்வளவு தூரம் ஏறும்? அவன் சோம்பேறி அல்லன். கணக்குப் போட்டுத்தான் விலகுகிறான். கணக்கு தவறாக இருக்கலாம், ஆனால் அவன் கையிலிருக்கும் தரவுகள் அவைதான்.

என்ன செய்யலாம் என்றும் கேட்பீர்கள். டியூஷனைத் தடைசெய்யலாம் என்பது அடிக்கடி எழும் யோசனை. பரீட்சைக்கு முந்திய சில நாட்களுக்கு வகுப்புகளைத் தடுப்பதுபோன்ற சிறு தடைகள் ஏற்கெனவே உண்டு. முழுத் தடையைத் தென்கொரியா 1980இல் போட்டுப் பார்த்தது; வகுப்புகள் மறைவாக நடந்தன, விலை ஏறியது, 2000இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே தடையைத் தூக்கிவிட்டது. இங்கே தடைசெய்தால் முதலில் மறைவது ஏழைகள் போகிற மலிவான மண்டபம்தான். வீட்டுக்கு வருகிற ஆசிரியரை எந்தப் பொலிஸ் பிடிக்கும்?

பணமாகத் தருவது பயன் இல்லாதது அல்ல. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2025 தொடக்கத்தில் கொப்பி, உபகரணங்கள் வாங்க 6,000 ரூபாய் தரப்பட்டது. ஜனவரி மாதத்துப் பதற்றத்தை அது குறைத்தது. 2024 முதல் ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் மதிய உணவு விரிவாக்கப்பட்டதும் அப்படித்தான். மாணவர் வரவு கூடும் என்று எந்த அதிபரும் சொல்வார். ஆனால் இவை எல்லாம் பிள்ளையைப் பாடசாலை வாசல்வரை கொண்டுவரும் உதவிகள். உள்ளே கணித ஆசிரியர் இல்லை என்றால்? தோட்டப் பாடசாலைகளுக்கு வடக்கு கிழக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவது வெகுகாலக் குறை. அதைத் தீர்க்க மலையக இளைஞர்களையே உதவி ஆசிரியர்களாக எடுத்தார்கள்; யோசனை சரியானது. ஆனால் தொடக்கத்தில் அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் படி கொடுத்தார்கள், பிறகு 10,000. அந்தத் தொகையில் ஓர் ஆசிரியரை ஒரு மலையுச்சிப் பாடசாலையில் நிறுத்திவைக்க முடியும் என்று நம்பியவர் யார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அரசு கல்விக்குச் செலவிடுவது தேசிய உற்பத்தியில் இரண்டு சதவீதத்தின் அருகே. சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்படுவது நான்கு முதல் ஆறு. இடைவெளியைக் குடும்பங்கள் நிரப்புகின்றன, அவரவர் சட்டைப்பைக்கு ஏற்றபடி.

பக்கத்தில் ஒரு சோதனை நடந்திருக்கிறது, மொழியும் நமதே. கொரோனாவுக்குப் பின் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கியது. ஊரிலுள்ள படித்த இளைஞர்களும் பெண்களும் சிறு ஊக்கத்தொகையில், மாலையில், வீட்டுப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். கிராமப்புறப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைப் பரிசோதித்த ஆய்வில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதங்களுக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகமாகப் போனார்கள் என்பதால் பயனும் அங்கேயே அதிகம் விழுந்தது. டியூஷனைத் தடுக்காமல், டியூஷனுக்குப் பணம் இல்லாதவருக்கு அதையே தெருவுக்குள் கொண்டுவந்த வேலை அது. மலையகத்தில் ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் உயர்தரம் படித்து வேலையில்லாமல் இருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பகலில் மட்டும் பயன்படும் பிள்ளை மடுவமும் (தொழிலாளரின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் தரம் வரை வாசிப்பும் கணக்கும், மாலை ஐந்து முதல் ஆறரை. பெரிய ஆய்வுக்குழு தேவையில்லை.

மேல் வகுப்புகளுக்கு அது போதாது. அங்கே நான் கேட்பது இரண்டே. ஒரு கல்விக் கோட்டத்தில் இருக்கும் இரண்டாம் வகைப் பாடசாலைகளுக்குப் பொதுவாக இரண்டு கணித ஆசிரியர்களை, கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவை உண்மையிலேயே உணரும்படி உயர்த்தி, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துங்கள். மற்றது பஸ். மாணவருக்கான சிசு செரிய பஸ் சேவை 2005 முதல் இருக்கிறது. காலையில் பாடசாலைக்கு, பிற்பகலில் வீட்டுக்கு. டவுனில் விஞ்ஞானப் பிரிவு படிக்கும் பிள்ளைக்கு மாலை ஐந்தரைக்கு ஒன்று வேண்டும். இப்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாடத்தின் நடுவில் எழுந்து போகிற பிள்ளைகள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள், அடுத்த தவணையில் கலைப்பிரிவுக்கு மாறிவிடுகிறார்கள். மாறுவதற்கான காரணம் என்று அவர்கள் படிவத்தில் எழுதுவது "விருப்பம்".